படத்தைப் பார்த்தாலே போன் போயிடுமா?

இந்த எபிசோடை நான் செங்கத்துல ஆரம்பிக்கிறேன். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு போற பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வரும் ஊர். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, ஊரை ஒட்டிச் செய்யாறு. என் அத்தை அங்கேதான் இருக்காங்க. ரெண்டு கறவை மாடு, பால் பணம் வாரா வாரம் பேங்க் கணக்குக்கு வரும், அதை ஜிபேல பார்த்துக்குவாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் முதல் குட்மார்னிங் படம் அவங்களோடதுதான். ரோஜாப்பூ, அண்ணாமலையார் கோபுரம், கீழே ஒரு பொன்மொழி.

2025 ஏப்ரல்ல ஒருநாள் போன் பண்ணினாங்க. "ஏம்ப்பா, வாட்ஸ்அப்ல வர்ற படத்தைத் தொட்டாலே பேங்க்ல இருக்கற பணமெல்லாம் போயிடுமாமே, நெசமா?"

அந்த வாரம் ஜபல்பூரில் நடந்ததாக ஒரு செய்தி எல்லா இடத்திலும் ஓடிக்கிட்டு இருந்தது. ஒருத்தருக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு முதியவரின் படம், 'இவரைத் தெரியுமா?' என்ற கேள்வியோட வந்தது; திறந்தார்; கணக்கிலிருந்து சுமார் 2 லட்சம் ரூபாய் போயிடுச்சு. 'ஸ்டெகனோகிராஃபி' என்று ஒரு பெரிய வார்த்தையும் கூடவே வந்தது. படத்துக்குள்ள ரகசியமா இன்னொரு தகவலை ஒளிச்சு வைக்கிறதுக்குப் பேர் அது.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறவன். அந்தச் செய்தியைப் படிச்சதும் சிரிப்புதான் வந்தது. ஒளிச்சு வைச்ச தகவல் தானாக எழுந்து ஓடாது. அதை எடுத்து ஓட்ட போனில் ஏற்கெனவே ஒருத்தன் உட்கார்ந்திருக்கணும். அதனால அத்தைகிட்ட அவசரமா ஒரே வரியில பதில் சொன்னேன்: "அதெல்லாம் வதந்தி அத்தை. படம்னா ஒண்ணும் ஆகாது."

அந்த ஒரு வரிதான் இந்த எபிசோட். அது பாதி பொய். எவ்வளவு பொய்னு புரிய 25 வருஷம் பின்னாடி போகணும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். செங்கம்னு சொன்னா தமிழ்நாட்டுத் தொல்லியல் தெரிஞ்சவங்களுக்கு நடுகல்தான் ஞாபகம் வரும். இந்த வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்து, இரா. நாகசாமி பதிப்பில், 1972ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தொல்லியல் துறை புத்தகமே போட்டிருக்கு. அதுல எனக்குப் பிடிச்சது எடுத்தனூர் நடுகல். பல்லவர் காலம், மகேந்திரவர்மனோட ஆட்சி. செத்துப்போன வீரன் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்று நாயோட பேரையும் எழுதி வைச்சிருக்காங்க. படமும் எழுத்தும் ஒரே கல்லில். அந்தப் படத்தைப் பார்க்க நமக்குக் கண் போதும். வேற யாரும் நடுவில் வேண்டாம்.

போனில் வர்ற படம் அப்படி இல்லை. ஜேபெக் கோப்புக்குள்ள ரோஜாப்பூ கிடையாது. ரோஜாப்பூவை எப்படித் திரும்ப வரையணும் என்கிற குறிப்புதான் இருக்கு. சுருக்கி, மடிச்சு, எண்களா எழுதின சமையல் குறிப்பு மாதிரி. அதைப் படிச்சு, நினைவகத்துல இடம் ஒதுக்கி, புள்ளி புள்ளியா நிரப்ப ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ள ஒரு நிரல் வேலை செய்யுது. ஆப்பிள் போனில் அதுக்குப் பேர் 'இமேஜ் ஐஓ'. விண்டோஸில் ரொம்ப நாளா 'ஜிடிஐ பிளஸ்'. ஆண்ட்ராய்டில் பல நூலகங்கள். முன்பின் தெரியாத ஒருத்தர் எழுதின குறிப்பை, எந்தக் கேள்வியும் கேட்காம, வந்த உடனே சமைக்கிற சமையல்காரர் அவர்.

இதில் தப்பு எங்கே நடக்கும்? மார்கழிக் கோலத்தை நினைச்சுப் பாருங்க. "15 புள்ளி, 8ல நிறுத்து" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. நீங்க 15 புள்ளிக்குத் தேவையான வாசலைக் கூட்டி, தண்ணி தெளிச்சு வைக்கிறீங்க. ஆனா அவங்க தர்ற கோலம் உண்மையில் 40 புள்ளி. நீங்க எண்ணிப் பார்க்காம போட்டுக்கிட்டே போனா, கோலம் உங்க வாசலைத் தாண்டி அடுத்த வீட்டு வாசல்ல ஏறிடும். அங்கே ஏற்கெனவே இருந்த கோலம் அழிஞ்சு, அந்த இடத்தில் இந்த அக்கா விரும்பினது வந்துடும். கணினியில் அந்த 'அடுத்த வீடு' என்பது, அடுத்து எந்த வேலையைச் செய்யணும் என்று நிரல் எழுதி வைச்சிருக்கிற இடமா இருக்கலாம். அங்கே எதை எழுதணும் என்று படத்தை அனுப்பினவன் தீர்மானிச்சா, போன் அவன் சொன்னதைக் கேட்கும். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதின நிரல்கள், எழுதுறவர் தானே எண்ணிப் பார்த்தாலொழிய, வாசல் எங்கே முடியுதுன்னு பார்க்காது. பட நூலகங்கள் பெரும்பாலும் அந்த மொழிகளில்தான் எழுதப்பட்டவை. வேகம் வேணும்ல.

2000 ஜூலை. அலெக்சாண்டர் பெஸ்லியாக் என்ற ரஷ்யப் பாதுகாப்பு ஆய்வாளர், இணையத்தில் 'சோலார் டிசைனர்' என்ற பேரில் எழுதுறவர், நெட்ஸ்கேப் பிரவுசரில் ஒரு ஓட்டையைக் காட்டினார். ஜேபெக் படத்துக்குள்ள குறிப்பு எழுத ஒரு சின்ன இடம் உண்டு. எந்த கேமரா, யார் எடுத்தது, அந்த மாதிரி. அந்தக் குறிப்போட நீளம் ஒரு எண்ணா எழுதப்பட்டிருக்கும். அந்த எண், தன்னையும் சேர்த்துக் கணக்குப் பண்ணும். அதாவது நீளத்தை எழுத ஆகுற 2 பைட்டும் அதுக்குள்ள அடக்கம். அப்போ குறைஞ்சபட்சம் 2 இருக்கணும். ஒருத்தன் வேணும்னே 0 அல்லது 1னு எழுதினா? நிரல் அதிலிருந்து 2ஐக் கழிக்கும். மைனஸ் வரும். ஆனா அந்த எண் மைனஸே தெரியாத எண். பழைய வண்டி மீட்டரைப் பின்னாடி சுத்தினா 00000க்கு அப்புறம் 99999 வருமே, அப்படி ஒரு ராட்சச எண்ணா மாறிடும். அவ்வளவு நீளத்துக்குக் காப்பி பண்ணு என்று நிரல் கிளம்பிடும்.

இதைக் கண்டுபிடிச்சு, விளக்கி, சரிபண்ணியாச்சு. அப்புறம் 2004 செப்டம்பர் 14, மைக்ரோசாஃப்ட் ஒரு அவசர அறிவிப்பு வெளியிட்டது. எம்எஸ் 04-028. ஜிடிஐ பிளஸ்ஸில் ஓட்டை. என்ன ஓட்டை? அதே ஜேபெக் குறிப்பு. அதே நீளம். அதே 0 அல்லது 1. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஊரறிய சொன்ன தப்பை இன்னொரு கம்பெனி, இன்னொரு நிரலில், அப்படியே வைச்சிருந்தது. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் எரிச்சல் தர்ற இடம் இதுதான். புத்திசாலித் திருடன்கிட்ட தோத்துப்போனா மனசு ஆறும். பக்கத்து வீட்டில் பூட்டு உடைஞ்ச கதையைக் கேட்டும் அதே பூட்டை மாட்டி வைச்சிருந்தா? அதோட ஜிடிஐ பிளஸ் விண்டோஸில் மட்டும் இல்லை, ஆஃபீஸ் உட்படப் பல மென்பொருள்கள் ஆளுக்கு ஒரு பிரதி வைச்சிருந்தாங்க. ஒன்றைச் சரிபண்ணினா மத்தது அப்படியே இருக்கும்.

அடுத்த வருஷம் இன்னும் விசித்திரம். 2005 டிசம்பர் கடைசி வாரம். எல்லாரும் விடுமுறையில் இருக்காங்க. 'டபிள்யூஎம்எஃப்' என்ற பழைய விண்டோஸ் பட வடிவம், 1990 வாக்கில் விண்டோஸ் 3.0 காலத்து ஆள். அந்தப் படம் புள்ளிகளால் ஆனதில்லை. 'இங்கே கோடு போடு, அங்கே வட்டம் போடு' என்ற கட்டளைகளோட பட்டியல். அதில் ஒரு கட்டளை, பிரிண்ட் ஆகிக்கிட்டு இருக்கும்போது நிறுத்தணும்னா இந்த நிரல் துண்டை ஓட்டு என்று சொல்லும். அந்த நிரல் துண்டையும் படத்துக்குள்ளேயே வைக்கலாம்! இங்கே கோலம் வாசலைத் தாண்டவே இல்லை. யாரோ ஒருத்தர் 15 வருஷம் முன்னாடி, இன்டர்நெட்டில் முகம் தெரியாதவங்க படம் அனுப்புவாங்க என்ற நினைப்பே இல்லாத காலத்தில், வசதிக்காக வைச்ச பின்வாசல் கதவு. அதைத் திருடர்கள் முதலில் கண்டுபிடிச்சுட்டாங்க. மைக்ரோசாஃப்ட் மருந்து தர்றதுக்குள்ள இல்ஃபாக் கில்ஃபானோவ் என்ற ஒரு தனிமனிதர் டிசம்பர் 31ம் தேதி தானே ஒரு ஒட்டு எழுதி வெளியிட்டார். உலகம் பூரா ஆஃபீஸ்களில் புத்தாண்டு அன்னைக்கு அதைத்தான் போட்டுக்கிட்டாங்க. மைக்ரோசாஃப்ட் வழக்கமான தேதிக்குக் காத்திருக்காம 2006 ஜனவரி 5ல் தன் மருந்தைக் கொடுத்தது.

இவையெல்லாம் கம்ப்யூட்டர் கதைகள். நம்ம ஊர்க்காரங்க கைக்கு இந்தப் பிரச்சினை வந்தது 2015ல். ஜோஷ்வா டிரேக் என்ற ஆய்வாளர் ஆண்ட்ராய்டின் 'ஸ்டேஜ்ஃபிரைட்' நூலகத்தில் ஓட்டைகளைக் கண்டுபிடிச்சார். படத்துக்கு அண்ணன், வீடியோ. ஒரு எம்எம்எஸ் வந்தா போதும். அதைத் திறக்கக்கூட வேண்டாம். முன்னோட்டம் தயார்பண்ண போன் தானாகவே அதைப் படிக்கும், அப்பவே காரியம் முடியும். அன்னைக்கு மதிப்பிட்ட கணக்கு, 95 கோடி போன்கள். அதுவரைக்கும் 'தெரியாததைத் தொடாதே' என்ற அறிவுரை வேலை செஞ்சது. தொடாமலே நடந்தா யாருக்கு என்ன அறிவுரை சொல்றது?

அதுக்கு அப்புறம்தான் கூகுள் மாசா மாசம் பாதுகாப்பு அப்டேட் தர ஆரம்பிச்சது. சாம்சங்கும் சேர்ந்துக்கிட்டது. நல்ல விஷயம்தான். ஆனா 7,000, 8,000 ரூபாய் போன்களுக்கு அந்த அப்டேட் எத்தனை மாசம் வந்தது? உங்க வீட்டு அலமாரியில் கிடக்கிற பழைய போனை எடுத்து செட்டிங்ஸில் பாருங்க. 'செக்யூரிட்டி பேட்ச்' என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அந்த தேதிக்கு அப்புறம் வெளிவந்த எந்த மருந்தும் அந்தப் போனுக்கு இல்லை.

2020ல் இன்னொண்ணு. கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ' குழுவில் இருந்த மத்தேயுஷ் யூர்சிக், சாம்சங் போன்களில் மட்டும் இருக்கிற 'கியூமேஜ்' என்ற பட வடிவத்தைக் குடைஞ்சார். அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீங்க. ஆனா 2014 கடைசியிலிருந்து வந்த சாம்சங் போன் எல்லாத்திலும் அதைப் படிக்கிற நிரல் இருந்தது. 50லிருந்து 300 எம்எம்எஸ் வரைக்கும் அனுப்பி, சுமார் 100 நிமிஷத்தில், உரிமையாளர் விரலே படாம போனுக்குள்ள நுழையலாம் என்று செய்து காட்டினார். இவங்க கண்டுபிடிக்கிற முறையைப் பத்தி ஒரு வார்த்தை: ஒரு நல்ல படக் கோப்பை எடுத்து, அங்கங்கே எழுத்தை மாத்தி, லட்சக்கணக்கான உடைஞ்ச பிரதிகள் செஞ்சு, ஒவ்வொண்ணா நிரலுக்கு ஊட்டணும். எதில் நிரல் மயங்கி விழுதோ, அங்கே ஓட்டை இருக்கலாம். 'ஃபஸ்ஸிங்' என்று பேர். நான் வேலையில் பண்றதும் கிட்டத்தட்ட இதுதான், சின்ன அளவில். அதனால்தான் அத்தைக்குச் சொன்ன பதில் எனக்கு இன்னும் உறுத்துது. தெரியாம சொன்னேன்னு சொல்லிக்க முடியாது.

இப்போ பெரிய கதைக்கு வரலாம்.

2021 செப்டம்பர். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் 'சிட்டிசன் லேப்', ஒரு சவுதி ஆர்வலரின் ஐபோனில் சில கோப்புகளைக் கண்டுபிடிச்சது. பேருக்குப் பின்னாடி 'ஜிஃப்' என்று இருந்தது. உள்ளே பார்த்தா பிடிஎஃப். ஆப்பிளோட இமேஜ் ஐஓ பேரைப் பார்க்காது, உள்ளே இருக்கிறதைப் பார்த்து வடிவத்தை ஊகிக்கும். ஜிஃப் என்ற பேரில் வந்த பிடிஎஃப்பைத் திறந்து, அதுக்குள்ள இருந்த 'ஜேபிக் 2' படத்தையும் திறந்தது.

ஜேபிக் 2 என்றால், ஃபேக்ஸ், ஸ்கேனர் காலத்து வடிவம். கறுப்பு வெள்ளை மட்டும். ஒரு பக்கத்தில் 'அ' 40 தடவை வந்தா, ஒரே ஒரு 'அ'வைச் சேமிச்சு மத்த இடத்தில் அதையே ஒட்டும். (இதே உத்தியால் 2013ல் ஒரு வேடிக்கை நடந்தது. டேவிட் க்ரீசெல் என்ற ஜெர்மன்காரர், ஜெராக்ஸ் கம்பெனியின் சில ஸ்கேனர்கள் 6ஐ 8ஆக மாத்தி ஸ்கேன் பண்ணுதுன்னு கண்டுபிடிச்சார். ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு மெஷின் நினைச்சுக்கிச்சு. பட்டாவை ஸ்கேன் பண்ணி வைச்சிருக்கிறவங்க யோசிச்சுப் பாருங்க.) 'அ' சரியாப் பொருந்தலைனா, புள்ளிகளைக் கூட்டி, கழிச்சு, மாத்தித் திருத்தலாம். அந்தத் திருத்தத்துக்கான கட்டளைகள், 'ரெண்டும் கறுப்பா இருந்தா கறுப்பு', 'ஏதாவது ஒண்ணு கறுப்பா இருந்தா கறுப்பு' என்ற மாதிரி இருக்கும்.

கணினி அறிவியல் படிச்சவங்க இங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க. ஏன்னா, அது தர்க்க வாயில். அதை வைச்சு எதையும் கணக்கிடலாம். பெகாசஸ் என்ற உளவு மென்பொருளை விற்கிற இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓவின் ஆட்கள் அதைத்தான் பண்ணினாங்க. முதலில் கோலத்தை வாசல் தாண்ட வைச்சாங்க. அப்புறம் 70,000க்கும் மேற்பட்ட திருத்தக் கட்டளைகளை அடுக்கி, அந்த ஃபேக்ஸ் படத்துக்குள்ளேயே கூட்டுற, ஒப்பிடுற ஒரு குட்டிக் கணினியையே கட்டி, அதன்மேல் தங்கள் வேலையை ஓட்டினாங்க. புராஜெக்ட் ஜீரோவின் இயன் பியரும் சாமுவேல் கிராஸும் 2021 டிசம்பரில் இதை விளக்கி எழுதினப்போ, தாங்கள் பார்த்ததிலேயே மிக நுணுக்கமான தாக்குதல்களில் ஒண்ணுன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு பக்கம் வாயடைச்சுப் போச்சு. இன்னொரு பக்கம், இவ்வளவு மூளையும் ஒரு ஆர்வலரோட போனை உளவு பார்க்கவா என்று கசப்பு. ஆப்பிள் செப்டம்பர் 13ல் ஐஓஎஸ் 14.8 வெளியிட்டு அடைச்சது.

இந்தியாவுக்கு வர்றேன். அதே வருஷம் ஜூலை 18, 'பெகாசஸ் புராஜெக்ட்' என்ற பன்னாட்டுப் பத்திரிகைக் கூட்டு விசாரணை வெளியாச்சு. இலக்காக இருந்திருக்கலாம் என்ற எண்களின் பட்டியல். தமிழ்நாட்டிலிருந்து திருமுருகன் காந்தியின் எண்ணும் அதில் இருந்ததாக 'தி வயர்' எழுதியது. பட்டியலில் எண் இருக்கிறது மட்டுமே போன் உடைஞ்சதுக்கு ஆதாரம் ஆகாது, அதையும் சொல்லணும். சென்னையிலிருந்து மூத்த பத்திரிகையாளர் என். ராம், சசிகுமாரோட சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார். மத்திய அரசு தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி விரிவான பதில் மனு தர மறுத்தது. 2021 அக்டோபர் 27ல் நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைச்சது. 29 போன்களைப் பார்த்தாங்க. 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது: 5 போன்களில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியலை, அரசு ஒத்துழைக்கலை.

அப்புறம் 2023. செப்டம்பர் 7ம் தேதி சிட்டிசன் லேப் இன்னொரு ஓட்டையை அறிவிச்சது. 'பிளாஸ்ட்பாஸ்' என்று பேர் வைச்சாங்க. ஐமெசேஜில் வர்ற வாலட் பாஸ் இணைப்புக்குள்ள ஒரு படம். மூலகாரணம் 'வெப்பி' என்ற பட வடிவத்தில் இருந்தது. கூகுள் 2010ல் கொண்டு வந்தது. இணையப் பக்கங்களில் நீங்க பார்க்கிற படங்களில் ஏகப்பட்டது வெப்பிதான். சுருக்கி வைச்சதை விரிக்க ஒரு அட்டவணை தேவை. அதிகபட்சம் எவ்வளவு பெரிசா வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு இடம் ஒதுக்கியிருந்தாங்க. முறையா எழுதின அட்டவணைக்கு அந்தக் கணக்கு சரி. வேணும்னே கோணலா எழுதினா மிஞ்சிடும். மறுபடியும் கோலம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு என்று எல்லாரும் அதே நூலகத்தைத்தான் பயன்படுத்தினாங்க. பல வருஷம் ஃபஸ்ஸிங் பண்ணியும் இது மட்டும் சிக்கலை.

அக்டோபர் 31 அன்னைக்கு மஹுவா மொய்த்ரா, சசி தரூர், சீதாராம் யெச்சூரி போன்ற எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் சில பத்திரிகையாளர்களுக்கும் ஆப்பிளிலிருந்து எச்சரிக்கை வந்தது, அரசு ஆதரவுள்ள யாரோ உங்க போனைக் குறி வைக்கிறாங்க என்று. எந்த அரசு என்று ஆப்பிள் சொல்லலை. சில எச்சரிக்கைகள் தவறாகவும் இருக்கலாம்னு சொன்னது. மத்திய அரசு விசாரிப்பதாகச் சொன்னது. டிசம்பர் 28ல் அம்னெஸ்டியின் ஆய்வுக்கூடம் ரெண்டு பேர் போனில் பெகாசஸ் தடயம் இருப்பதாக வெளியிட்டது. ஒருத்தர் தி வயரின் சித்தார்த் வரதராஜன். இன்னொருத்தர் ஓசிசிஆர்பி அமைப்பின் ஆனந்த் மங்னாலே. மங்னாலேவின் ஐபோனுக்கு ஆகஸ்ட் 23ல் வந்த தாக்குதல் பிளாஸ்ட்பாஸ்தான் என்றது அம்னெஸ்டி. உலகத்துக்கு அந்த ஓட்டை தெரியுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, இந்தியாவில் ஒரு பத்திரிகையாளரின் பாக்கெட்டுக்கு அது வந்துட்டுப் போயிருக்கு. அவர் எதையும் தொடலை.

ஆக, 'படம்னா ஒண்ணும் ஆகாது' என்பது பொய். ஆகும். ஜபல்பூர் செய்தி வந்த அதே 2025 ஏப்ரலில்தான் சாம்சங் தன் கேலக்ஸி போன்களின் பட நூலகத்தில் ஒரு ஓட்டையை அடைச்சது. அதன் வழியா 'லேண்ட்ஃபால்' என்ற உளவு மென்பொருள் 2024லிருந்தே மத்திய கிழக்கில் சிலரை வேட்டையாடிக்கிட்டு இருந்தது என்று நவம்பரில் யூனிட் 42 என்ற ஆய்வுக்குழு சொன்னது. அது வந்த கோப்புகளின் பேர், வாட்ஸ்அப் படங்களோட பேர் மாதிரியே இருந்ததாம். ஆகஸ்டில் ஆப்பிள், இமேஜ் ஐஓவில் இன்னொரு ஓட்டையை அடைச்சது. அதை வாட்ஸ்அப்பின் ஒரு ஓட்டையோட சேர்த்துத் தாக்கியிருக்கலாம் என்று, 200க்கும் குறைவான பேருக்கு வாட்ஸ்அப் எச்சரிக்கை அனுப்பியது.

200 பேர். இந்த மாதிரித் தாக்குதல் சிலரை மட்டுமே குறிவைக்கும் என்பதைத்தான் நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். இந்த மாதிரி ஓட்டை ஒண்ணு கோடிக்கணக்கில் விலை போகும். அதை யாரும் செங்கத்தில் மாடு வைச்சிருக்கிற ஒருத்தரோட பால் பணத்துக்காகச் செலவழிக்க மாட்டான். அது எழுத்தாளர், வக்கீல், எதிர்க்கட்சிக்காரர், ஆர்வலர் மேல போகும். அதனால அத்தை விஷயத்தில் நான் சொன்னது நடைமுறையில் சரிதான்னு ரெண்டு மாசம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஜூன்ல அத்தை மறுபடியும் போன் பண்ணினாங்க. குரல் சரியில்லை.

உறவுக்காரர் ஒருத்தர் நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. தொட்டாங்க. "இன்ஸ்டால்" என்று ஏதோ கேட்டிருக்கு. பத்திரிகையைப் பார்க்கணும்னா அப்படித்தான் போலன்னு "ஓகே" கொடுத்திருக்காங்க. மெசேஜ் படிக்க அனுமதி கேட்டிருக்கு, அதுக்கும் ஓகே. அது படமே இல்லை. 'ஏபிகே', ஆண்ட்ராய்டு செயலி. பேர் மட்டும் பத்திரிகை. உறவுக்காரரோட வாட்ஸ்அப்பையும் இதே மாதிரிதான் பிடிச்சிருந்தாங்க. இந்தக் கல்யாணப் பத்திரிகை மோசடியைப் பத்தி 2024லேயே வட மாநிலப் போலீஸ் எச்சரிச்சிருந்தது. ராத்திரியோட ராத்திரியா ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போய், காலையில் கணக்கில் 18,400 ரூபாய் குறைஞ்சிருந்தது. ஒன்பது வாரத்துப் பால் பணம்.

அத்தை திட்டலை. ஒண்ணுதான் கேட்டாங்க. "படம்னா ஒண்ணும் ஆகாதுன்னு நீதானப்பா சொன்ன?"

நான் என்ன சொல்வேன்? 'அது படம் இல்லை அத்தை, செயலி' என்றா? அவங்களுக்கு எப்படித் தெரியும்? உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒண்ணோட இமேஜ் ஐஓவே ஜிஃப்னு பேர் போட்டு வந்த பிடிஎஃப்பைத் திறந்துச்சு. பேரை நம்பாதேன்னு நான் ஒரு நாளும் அவங்களுக்குச் சொல்லலை. பெகாசஸ்காரன் போனை ஏமாத்தினான், இவன் மனுஷியை ஏமாத்தினான். இவனுக்கு 70,000 கட்டளை தேவைப்படலை. அத்தைக்கு என் மேல இருந்த நம்பிக்கையில கொஞ்சம் போதுமா இருந்தது.

1930க்குப் போன் பண்ணினோம், புகார் எண் வந்தது. பணம் இதுவரைக்கும் வரலை.

அடுத்த சனிக்கிழமை செங்கம் போனேன். போனை முழுசா அழிச்சு மறுபடி அமைச்சேன். வாட்ஸ்அப்பில் படங்கள் தானா இறங்குறதை நிறுத்தினேன். தெரியாத இடத்திலிருந்து செயலி போடுற அனுமதியை எடுத்தேன். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பார்த்தேன்: 2021 நவம்பர். பிளாஸ்ட்பாஸ் சமயத்தில் அடைச்ச அந்த வெப்பி ஓட்டைக்கான ஆண்ட்ராய்டு மருந்துகூட அந்தப் போனுக்கு வரவே இல்லை. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அத்தை அதுக்கு வெல்வெட் உறை தைச்சுப் போட்டிருந்தாங்க.

"அப்போ இந்த போன் கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு அத்தை. ஆனா இதை இனிமே யாரும் காவல் காக்கலை."

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. புது போன் வாங்கித் தர்றேன்னு சொன்னேன், வேண்டாம்னுட்டாங்க. பேங்க் நம்பர் இருக்கிற சிம்மைக் கழட்டி, மாமாவோட பழைய பட்டன் போனில் போடச் சொன்னாங்க. பால் பணத்தை இனிமே பாஸ்புக்கில் பதிஞ்சு பார்த்துக்குவாங்களாம். இந்த போன் படம் பார்க்க மட்டும். அதுல பணமே இல்லைனா எவன் வந்தா என்ன என்றாங்க. 20 வருஷம் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுறவங்க தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்த இடமும் கிட்டத்தட்ட அதுதான். ஸ்டேஜ்ஃபிரைட்டுக்கு அப்புறம் ஆண்ட்ராய்டும், 2020ல் 'பிளாஸ்ட்டோர்' வழியா ஐமெசேஜும், படம் பிரிக்கிற வேலையைத் தனி அறையில் பூட்டி வைச்சு, அந்த அறையில் வேற எதுவும் இல்லாம பார்த்துக்க ஆரம்பிச்சாங்க.

மறுநாள் காலை நான் சென்னை பஸ்ஸில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. குடும்ப குரூப், அத்தையோட குட்மார்னிங். ரோஜாப்பூ இல்லை. வாசலில் தானே போட்ட கோலத்தைத் தானே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. கீழே குரல்பதிவு: "ஃபார்வர்டு இல்லப்பா, நானே எடுத்தது. தைரியமா தொறந்து பாரு."